எதுக்குன்னு எழுதுனாக?

என் உரக்கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. இப்போது அதில் செல்போன் பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது, ஒரு வம்புதும்பு கிடையாது. அவரைப் பார்த்தால் எனக்கு ஏனோ எரிச்சல் வரும். அவர் என்ன செய்வார் பாவம். அவருக்கு முன்னால் அந்த அறையில் ஒரு வக்கீலம்மா இருந்தார். அவர் மாடிப்படி இறங்கினால் எதிர் டீக்கடைக்குக் கேட்கும். இறங்கும்போதே வாயில் ஒரு கேள்வி தயாராக இருக்கும்.

“அண்ணே, அது எதுக்குன்னு எழுதுனாக?”

எது என்று கேட்கக் கூடாது. எதுவாகவும் இருக்கலாம். பஸ்ஸில் எழுதியிருப்பது, ரேஷன் கடைக் கதவில் ஒட்டியிருப்பது, கல்யாணப் பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பது. எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், எழுதியவன் மனதில் என்ன இருந்தது என்று தோண்டாமல் விடமாட்டார். அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், கம்பத்துக்காரர். எதைக் கேட்டாலும் “சரி” என்று சொல்லப் பழகிக்கொண்ட மனிதர். அந்தப் பொறுமை எனக்கு இல்லை. நான் சண்டைக்குப் போவேன். அதனாலேயே அவர் என் கடைக்கு வருவார் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. அவர் ராவுத்தர் தெருவில் பிறந்து வளர்ந்தவர். காலையில் உத்தமபாளையம் கோர்ட்டுக்கு பஸ் ஏறுவார், சாயங்காலம் திரும்பி வந்து மாடியில் கட்சிக்காரர்களைப் பார்ப்பார். அறை கேட்டு வந்த நாளில், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்தபடி கடை வாசலில் நின்றார்.

“மேல பூச்சி மருந்து நெடி அடிக்குமேம்மா” என்றேன். எனக்கு வக்கீல்களோடு சகவாசம் வைத்துக்கொள்ள விருப்பமில்லை.

“அடிக்கட்டும்ணே. எங்க அத்தா தவறுனப்ப மய்யத்தை இந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போனாக. உங்கய்யா ஷட்டரைப் பாதி எறக்கிட்டு, வெளிய வந்து துண்டைக் கையில எடுத்துக்கிட்டு நின்னாக. நான் எதுத்த வீட்டு மாடியில இருந்து பாத்தேன். ஆபீசு போட்டா இங்கனதான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

எங்கள் பஜாரில் அது ஒரு வழக்கம். சாவு ஊர்வலம் வந்தால் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். கடந்து போனதும் தூக்கிவிடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்பா செய்தார், நானும் செய்கிறேன். அதை ஒரு பெண், தகப்பன் போன நாளில், மாடியிலிருந்து பார்த்து இத்தனை வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறார். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த வாரத்திலேயே என் போர்டில் கை வைத்தார். பஜார் முக்கில் இருக்கிற கடை என்பதால் கண்டவர்களும் வண்டியை என் வாசலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அதற்காக நான் பெரிதாக ஒரு போர்டு மாட்டியிருந்தேன்: ‘கடை முன் எந்த வண்டியும் நிறுத்தக் கூடாது.’

“எந்த வண்டியுமாண்ணே?”

“எந்த வண்டியும்தான்.”

“உங்களுக்கு உரம் எறக்குற லாரி?”

“அது என் லாரிம்மா!”

“எந்த வண்டியும்னு போட்டிருக்கீக. சரி, அத விடுங்க. ரெண்டு காலும் நடக்க வராத கடலைக்காரர் மூணு சக்கரத்துல வாராரே, அவரு நின்னு உங்ககிட்ட தண்ணி வாங்கிக் குடிக்கிறாரே, அது?”

“அது வண்டியா?”

“சக்கரம் இருக்கே. கோயில் சப்பரம் முக்குல நின்னுதான திரும்புது, அதுக்கும் சக்கரம் இருக்கு. சாமியப் போயி நகருங்கன்னு சொல்வீகளா?”

நான் எரிச்சலில், “இதெல்லாம் எழுதவா முடியும்? பாக்கிறவனுக்குப் புரியாதா?” என்று கத்தினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அம்புட்டுதாண்ணே! எல்லாத்தையும் எழுத முடியாது. எதுக்கு எழுதுனமோ அதை வச்சுத்தான் மிச்சத்தைப் படிக்கணும். கோர்ட்டுல நாங்க நாள் பூரா பண்றது இதுதான்.” ஏதோ நான் பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதுபோலப் பாராட்டிவிட்டு மாடிக்குப் போனார். எனக்கு அன்று வியாபாரமே ஓடவில்லை.

ஊரில் அவருக்கு இதனால் நல்ல பேரும் இருந்தது, கெட்ட பேரும் இருந்தது. பஸ்ஸில் ‘பெண்கள்’ என்று எழுதிய இருக்கையில், கட்டுப் போட்ட காலோடு நின்ற கோம்பைக்காரர் ஒருவரை உட்காரவைத்துவிட்டு இவர் நின்றுகொண்டார். கண்டக்டர் சண்டைக்கு வந்தபோது, “நிக்க முடியாதவக உக்காரணும்னு எழுதுனது. இன்னைக்கு எனக்கு நிக்க முடியுது” என்றாராம். அதே பஸ்ஸில் இருந்த இன்னொரு பெண்மணி, “எங்களுக்கு எழுதிக் குடுத்த சீட்டைத் தூக்கிக் குடுக்க இவுக யாரு?” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பெண்மணி சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் அதைச் சொன்னபோது வக்கீலம்மா மறுக்கவில்லை. “ஆமாண்ணே, அதான் பயமே. எதுக்கு எதுக்குன்னு கேட்டுக்கிட்டே போனா, கடைசில எழுதுனதே இல்லாமப் போயிரும்.”

அப்படி ஒரு முறை வாங்கியும் கட்டிக்கொண்டார். பால் சொசைட்டித் தேர்தலுக்கு மூன்று மணிக்குள் மனு கொடுக்க வேண்டும். அவர் கட்சிக்காரர் வந்த பஸ் சனிக்கிழமை குச்சனூர் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார், வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். நேரம் எதற்காக வைத்தது என்று வக்கீலம்மா நீதிபதி முன்னால் வெகுநேரம் பேசியிருக்கிறார். நீதிபதி கடிகாரத்தைக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான் வழக்கு. சாயங்காலம் வந்து என் கடை உர மூட்டை மேல் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மணி மூணுக்குப் போயி எதுக்குன்னு கேட்டேண்ணே நானு. அவக தீர்ப்புத்தான் சரி. சில வரி கதவு மாதிரி, மூடுனா மூடுனதுதான்.”

தோற்றால் இப்படிச் சிரிக்கிற வக்கீலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கட்சிக்காரர்தான் பாவம், பக்கத்தில் நின்று முழித்துக்கொண்டிருந்தார்.

பெரிய வழக்கு என்றால் முதல் நாள் என் கடையில் ஒத்திகை நடக்கும். நான் நீதிபதி. எதிர்க்கட்சி வக்கீலும் நான்தான். கல்லாவில் உட்கார்ந்தபடி எனக்குத் தோன்றியதையெல்லாம் குறுக்கே கேட்க வேண்டும். இரக்கமே காட்டக் கூடாது என்பது கட்டளை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. யூரியா கேட்டு வருபவர்களைக்கூட, “கோர்ட்டு நடக்குது, நில்லுப்பா” என்று நிறுத்தியிருக்கிறேன்.

அந்த ஒத்திகைகளில்தான் அரசியல் சட்டம் என்ற ஒன்று என் காதில் விழுந்தது. அதுவரை அது டெல்லியில் இருக்கிற ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு அதில் இருபத்தொன்றாவது பிரிவின் மேல் தனிப் பிரியம். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்.

“ஒரே ஒரு வரிதாண்ணே. சட்டம் வகுத்த முறைப்படி இல்லாம யாரோட உசுரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. அம்புட்டுத்தான். மொதல்ல கோர்ட்டுல இதைச் சுருக்கித்தான் படிச்சாக. முறைன்னு ஒரு சட்டம் இருக்கா, சரி, பறிச்சுக்கன்னு விட்டாக. பெறகு ஒரு காலம் வந்துச்சு. அந்த முறையே நியாயமா இருக்கணும்னாக. உசுருன்னா மூச்சு விடுறது மட்டும் இல்ல, மானத்தோட இருக்கிறதும்தான்னாக. பொழப்பு அதுக்குள்ள வந்துச்சு, தண்ணி வந்துச்சு. வரி அதேதான், ஒரு எழுத்து மாறல.”

“அதெப்படிம்மா? வரி மாறாம அர்த்தம் மட்டும் வளருமா? இன்னைக்கு தண்ணி, நாளைக்கு என் கடை உரமும் அதுக்குள்ளதான்னு எவனாவது சொல்லிட்டு வருவான்.”

“வருவாக. அப்ப உங்கள மாதிரி ஒருத்தர் அந்த நாற்காலியில உக்காந்து, இது அதுல அடங்காதுன்னு சொல்லணும். ரெண்டும் வேணும்ணே. வரியை விட்டுட்டு ஓடவும் கூடாது, வரியைப் புடிச்சுத் தொங்கவும் கூடாது.”

இதெல்லாம் எனக்குப் பொழுதுபோக்காகத்தான் இருந்தது, பேச்சியம்மா படியேறி வரும்வரை.

பேச்சியம்மா ஊருக்குத் தெற்கே காலனியில் இருந்தார். திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை. காலனிக்காரர்கள் சாவை பஜார் வழியாகக் கொண்டு போகக் கூடாது என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு. எழுதி வைத்ததில்லை. ஆனால் எழுதி மாட்டிய என் போர்டை மதிக்காதவன்கூட அதை மதித்தான். அவர்கள் வயல் வரப்பு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். வரப்பில் ஒரு ஆள் நடக்கலாம். பாடையைத் தூக்க நாலு பேர் வேண்டும். எனவே நெல் நடவு செய்த சேற்றில் கால் புதைய, பயிர்க்காரன் திட்டத் திட்டத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

பேச்சியம்மாளின் புருஷன் ஐப்பசி அடைமழையில் இறந்தார். வரப்பில் தூக்கிப் போகும்போது முன்னால் போனவருக்குக் கால் வழுக்கிவிட்டது. பாடை சாய்ந்து, உடம்பு சேற்றில் விழுந்தது. பேச்சியம்மா வாய்க்காலில் முந்தானையை நனைத்து வந்து, மழையில் உட்கார்ந்து, புருஷனுடைய முகத்திலிருந்த சேற்றைத் துடைத்திருக்கிறார். வாய்க்குள்ளும் சேறு போயிருந்ததாம்.

தன்னை அப்படிக் கொண்டு போகக் கூடாது. பேச்சியம்மா கேட்டது அது ஒன்றுதான். தான் செத்தால் எல்லாரையும்போல ரோட்டு வழியாகப் போக வேண்டும். அதற்குத்தான் வழக்கு.

வழக்கு மதுரை ஐகோர்ட் கிளைக்குப் போனது. முதல் நாள் சாயங்காலம் என் கடையில் ஒத்திகை. மாடிக்கு வந்திருந்த பேச்சியம்மாவும், மழை பிடித்துக்கொண்டதால் வீட்டுக்குப் போக முடியாமல், கடைக்குள் ஓரமாக நின்றார். வக்கீலம்மா அடுக்கினார். தீண்டாமை ஒழிந்தது என்கிற பதினேழாவது பிரிவு, எல்லாரும் சமம் என்கிற பதினாலு, பிறகு அவருடைய செல்லப் பிரிவு இருபத்தொன்று. அங்கேதான் எனக்கு ஒன்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், குதர்க்கமாகக் கேட்கவில்லை, அவர் சொல்லிக் கொடுத்தபடிதான் கேட்டேன்.

“இருங்கம்மா. இருபத்தொண்ணு உசுரோட இருக்கவகளுக்கு. மனு போட்டவ உசுரோட இருக்கா. இன்னைக்கு அவளுக்கு ஒரு பாதிப்பும் இல்ல. நாளைக்குச் செத்துட்டான்னா, செத்தவளுக்கு உசுர் உரிமை ஏது? இருக்கப்ப பாதிப்பு இல்ல, பாதிப்பு இருக்கப்ப ஆளு இல்ல. மனு தள்ளுபடி.”

வக்கீலம்மா கையிலிருந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஒத்திகையில் அவர் புத்தகத்தைத் தேடி நான் பார்த்தது அன்றுதான். எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் ஐயோ என்றும் இருந்தது.

“மனுதாரரையே கேளுங்க” என்றார் கடைசியில்.

நான் பேச்சியம்மா பக்கம் திரும்பி, “ஏத்தா, உனக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“நீதிபதி மனுதாரரை ‘உனக்கு’ன்னு கேக்க மாட்டாகண்ணே” என்றார் வக்கீலம்மா. குரலில் கோபம் இல்லை. நீதிபதி கோட்டுப் பொத்தானைப் போடவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “உங்களுக்கு... இப்ப உசுரோட இருக்கப்ப, இதுனால என்ன பாதிப்பு?”

பேச்சியம்மா வெளியே மழையைப் பார்த்தார். “இந்தா பெய்யுதே மொதலாளி, இதுதான். மழை புடிச்சா எனக்குச் சோறு எறங்காது. லேசாக் காய்ச்சல் அடிச்சாலும் ஆத்தாளைக் கும்புட்டுக்குவேன், இப்பக் கொண்டுபோயிராத, வயக்காடு காயிற மட்டும் விட்டுவையின்னு. எல்லாரும் நல்ல சாவு வேணும்னு கும்புடுறாக. நான் கோடையில சாவு வேணும்னு கும்புடுறேன். சாகுறதுக்கு மாசம் பாத்துக்கிட்டு ஒரு மனுசி இருக்கலாமா? இது இருக்கிறதுலயா சேத்தி?”

வக்கீலம்மா எழுந்து பேச்சியம்மா கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, மனு தள்ளுபடியா?” என்று என்னைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, பேனாவைத் தேடுவதுபோலத் தேடினேன்.

இரண்டு நாள் கழித்து மதுரையிலிருந்து வந்து இறங்கியவர், பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே கடைக்குத்தான் வந்தார். எதிர்த் தரப்பு வக்கீல் நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாராம். இவர் பேச்சியம்மா சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறார். நீதிபதி குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். பிறகு சில வாரங்களில் உத்தரவு வந்தது. மானத்தோடு வாழ்வது என்பது மானத்தோடு போய்ச் சேர்வதையும் சேர்த்துத்தான். காலனி மக்கள் தங்கள் இறந்தவர்களைப் பொதுச் சாலை வழியே சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். அதிகாரிகள் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். வக்கீலம்மா அதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்.

ஊர் சும்மா இருக்குமா? ஊர்க் கமிட்டித் தலைவர் பெரிய திராட்சைத் தோட்டக்காரர், என் கடையின் பெரிய வாடிக்கைக்காரர். நாலு பேரோடு வந்தார்.

“அந்தம்மாவ மாடியக் காலி பண்ணச் சொல்லு.”

“எதுக்கு?” என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது.

“நம்ம ஊர்ச் சாவுல அந்தம்மாவுக்கு என்னய்யா வேலை?”

என்னை ஒருவர் அதிகாரம் பண்ணினால் எனக்குப் பொறுக்காது. அது என் சுபாவம், அதில் சட்டமும் இல்லை தர்மமும் இல்லை. “அவக அத்தா போனதும் இந்த ரோட்டுலதான். மருந்து வேணும்னா சொல்லுங்க, இல்லாட்டி வாசல்ல காத்து வரட்டும்” என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் பூச்சி மருந்துக்குச் சின்னமனூர் போனார்கள்.

பேச்சியம்மா மட்டும் கடையைத் தாண்டும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே, “மொதலாளி, இனி எந்த மாசம்னாலும் எனக்குச் சம்மதம்” என்று சொல்லிவிட்டுப் போவார். ஆள் ஒரு சுற்றுப் பெருத்ததுபோலக்கூட எனக்குத் தோன்றியது.

உத்தரவுக்குப் பிறகு காலனியில் விழுந்த முதல் சாவு அவருடையதுதான். அதுவும் ஐப்பசியில்.

தூறலோடு இருந்த ஒரு பிற்பகல். கொட்டுச் சத்தம் தெற்கேயிருந்து பஜாருக்குள் நுழைந்தது. அந்தத் திசையிலிருந்து கொட்டுச் சத்தம் வந்து அந்த பஜார் கேட்டதே இல்லை. முன்னால் போலீஸ் ஜீப், பின்னால் பாடை. இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஷட்டரும் இறங்கவில்லை. முக்கில், என் கடைக்கு நேரே, கமிட்டித் தலைவர் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் பாடையைப் பாதி வழியில் இறக்கி வைத்து, தலைமாடு கால்மாடாகத் திருப்பி, பிறகுதான் தூக்குவார்கள். ஊர்ச் சாவெல்லாம் திரும்புவது அந்த முக்கில்தான். வரப்பில் போன காலனிச் சாவுகளுக்கு இறக்கி வைக்க இடமே இருந்ததில்லை. திருப்பாமலே கொண்டுபோய் எரித்திருக்கிறார்கள். பேச்சியம்மாளின் மகன் முக்குக்கு வந்ததும் கையைக் காட்டினான். தூக்கி வந்தவர்கள் குனிந்தார்கள்.

“ஏலே, எறக்காத!” என்றார் தலைவர். அவர் கையில் உத்தரவின் நகல் இருந்தது. “நாங்களும் படிச்சிட்டுத்தான் வந்திருக்கோம். எடுத்துச் செல்லலாம்னுதான் போட்டிருக்கு. எறக்கி வைக்கலாம்னு எங்கன இருக்கு? போறதுன்னா போய்க்கிட்டே இருங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அதில் அப்படித்தான் இருந்தது. பாடை தோள்களிலேயே நின்றது. மழை வலுத்துக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டது. வக்கீலம்மா குடை இல்லாமல் இறங்கி வந்தார். நேரே தலைவர் முன்னால் போய் நின்றார்.

“உங்கய்யா தவறுனப்ப எங்கன எறக்கித் திருப்புனீக?”

“இங்கனதான். அதுக்கென்ன?”

“எதுக்குத் திருப்புனீக?”

“எதுக்குன்னா... அது வழக்கம்.”

“வழக்கம்னா எதுக்கு?”

தலைவர் சுற்றிலும் பார்த்தார். “போற உசுரு வீட்டு வழியை மறந்துரணும்னு. திரும்பி வரக் கூடாதுன்னு. இதெல்லாம் ஒங்களுக்கு எதுக்குமா?”

“அப்பச் சரி. நம்ம ஊர்ல எடுத்துட்டுப் போறதுன்னா எறக்கித் திருப்பி எடுத்துட்டுப் போறதுதான். கோர்ட்டு எடுத்துட்டுப் போகச் சொன்னது மூட்டையை இல்ல, மனுசியை. இல்ல, திருப்பக் கூடாதுன்னா சொல்லுங்க, இப்படியே போகட்டும். ஆனா பேச்சியம்மாவுக்கு வழி மறக்காது பாத்துக்கங்க. திரும்பி வருவாக. இப்பத்தான் பஜார் வழியும் தெரிஞ்சுபோச்சே.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டுக்காரர்களில் ஒருவர்தான். அடுத்து டீக்கடைக்காரர். தலைவர் முகம் சிவந்து, கடைசியாக என்னைப் பிடித்துக்கொண்டார். “யோவ், உன் கடை வாசல்யா இது. நிறுத்தக் கூடாதுன்னு நீதான போர்டு போட்டிருக்க? சொல்லுய்யா, எந்திரிச்சு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வக்கீலம்மா மட்டும் பார்க்கவில்லை. அவர் பாடையைப் பார்த்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். இந்த ஒரு முறை அவர் எதையும் கேட்கவில்லை.

நான் எழுந்தேன். பயமாகத்தான் இருந்தது. “அந்தப் போர்டை எதுக்கு எழுதுனேன்னு எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னேன். கொக்கியை எடுத்து ஷட்டரில் மாட்டி, பாதிக்கு இழுத்துவிட்டேன். குனிந்து வெளியே வந்து, அப்பா நின்ற இடத்தில் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.

பாடையை இறக்கினார்கள். பேச்சியம்மா முகத்தில் திருநீறு பூசி, நெற்றியில் காசு வைத்திருந்தது. ஒரு துளி சேறு இல்லை. திருப்பித் தூக்கும்போது டீக்கடை ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தூரத்தில் இன்னொன்று. எல்லாரும் இறக்கவில்லை. இறக்காதவர்கள் பேர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கொட்டுச் சத்தம் தேய்ந்த பிறகு வக்கீலம்மா கடைக்குள் வந்து மூட்டை மேல் உட்கார்ந்தார். முக்காடு நனைந்து ஒட்டிக்கிடந்தது. “டீ சொல்லுங்கண்ணே” என்றார். டீ வந்தது. குடிக்காமல் அழுதார். நானும் அழுதேன், ஆனால் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டு.

அதற்குப் பிறகும் பல வருடம் அந்தப் படியில் ஏறி இறங்கினார். என் போர்டை நான் மாற்றி எழுதவில்லை. அவர் விடவில்லை. “அதுல ஒரு கொறையும் இல்ல, எதுக்குன்னு படிக்கத்தான் ஆள் வேணும்” என்பார். முட்டி வலி வந்த பிறகு படிச் சத்தம் மெதுவானது. கேள்வி மெதுவாகவில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோதுகூட, சுவரில் ‘பார்வையாளர்கள் பேசக் கூடாது’ என்று எழுதியிருந்ததைக் கண்ணால் காட்டினார். நான், “தெரியும்மா, நோயாளி தூங்கத்தான். நீங்க தூங்கலையே” என்றேன். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே கடைசி.

அவரை வைத்த சந்தூக்குப் பெட்டியும் இந்த பஜார் வழியாகத்தான் பள்ளிவாசலுக்குப் போனது. அன்று முக்கிலிருந்து கடைசி வரை எல்லா ஷட்டரும் பாதியில் நின்றது. ராவுத்தர் தெருக்காரர்கள் தோள் மாற்றி மாற்றித் தூக்கி வந்தார்கள். காலனியிலிருந்து வந்தவர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். சிலர் போய்த் தோள் கொடுத்தார்கள். பேச்சியம்மாளின் மகனும் கொடுத்தான். முக்கு தாண்டியதும் தோளை மாற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கு இப்போது காதோரம் நரைத்திருக்கிறது.

“மொதலாளி, இங்கன எறக்காமப் போறாக? அவகளைத் திருப்ப மாட்டாகளா?”

“அவக வழக்கத்துல அது கிடையாதுப்பா.”

அவன் போகிற சந்தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

“நல்லதாப் போச்சு. வழி மறக்காம வரட்டும்.”